சதை டெஸ்ட் குடுத்தாச்சு, ரிப்போர்ட் இன்னும் வரல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கும்பகோணத்துல பிளவுஸ் தைக்கிற கடை வெச்சிருக்கேன். டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. மூணு வருஷம் முன்னாடி, எனக்கு 44 வயசுல, இடது மார்புல சந்தேகம்னு ஆரம்பிச்சு மேமோகிராம், ஸ்கேன், அப்புறம் ஊசி பயாப்ஸி (நம்ம பக்கம் சதை டெஸ்ட்னு சொல்றது) எல்லாம் எடுத்து ரிப்போர்ட் கைக்கு வர 11 நாள் ஆச்சு. அதுக்கப்புறம் அளவு குடுக்க வர்றவங்க, அவங்க ஓரகத்தி, பக்கத்து வீட்டு அக்கான்னு யாருக்காவது இதே மாதிரி வந்தா "அந்த டெய்லர் அக்காவ போய் பாருங்க"ன்னு அனுப்பி விட்டுடறாங்க. அதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது, அதான் ஒரு தடவை எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன். லேப் சமாச்சாரம் பூரா எங்க அண்ணன் பொண்ணு சொல்லிக் குடுத்தது, அவ சதை டெஸ்ட் பண்ற லேப்லயே டெக்னீசியன். உங்க உடம்புக்கு என்னன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், நான் அந்த நாளுங்கள எப்படி ஓட்டுறதுன்னு மட்டும் சொல்றேன்.

மேமோகிராம் எடுத்துட்டு வந்தப்புறம் "இன்னொரு தடவை வாங்க"ன்னு கூப்பிடறாங்க. அப்போ ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லைங்க. பல சமயம் "எங்களுக்கு சரியா தெரியல, இன்னும் கிட்டக்க பாக்கணும்"னுதான் அர்த்தம். நம்ம பொண்ணுங்க நிறைய பேருக்கு, முக்கியமா வயசு கம்மியா இருந்தா, மார்பு சதை அடர்த்தியா இருக்கும், மேமோகிராம் படத்துல அது வெள்ளையா தெரியும், கட்டியும் வெள்ளையாத்தான் தெரியும், பனிமூட்டத்துல வெள்ளைச் சட்டைக்காரனைத் தேடுற கதைதான். அதனால ஒரு இடத்த மட்டும் அழுத்தி மறுபடி படம் எடுப்பாங்க, இல்ல அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போடுவாங்க. ரெண்டு சதை ஒண்ணு மேல ஒண்ணு மடிஞ்சு விழுந்திருந்தாக்கூட படத்துல கட்டி மாதிரி தெரியுமாம். ரெண்டாவது தடவை போறப்போ அக்குள்ல பவுடர், செண்டு எதுவும் போடாம போங்க, அது படத்துல புள்ளி புள்ளியா விழுந்து வேற குழப்பம் பண்ணும்.

ரிப்போர்ட்ல பைராட்ஸ் 4ன்னு போட்டிருக்கு. கேன்சர் நாலாவது ஸ்டேஜா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத எழுத உக்காந்ததே. இல்ல, இல்ல, இல்ல. ஒரு பொண்ணு, 38 வயசு, இந்த 4ஐப் பாத்துட்டு பாபநாசத்துல இருந்து பஸ்ல வர்ற வழி பூரா அழுதுட்டே வந்து கடை வாசல்ல உக்காந்துச்சு. ஸ்டேஜ்ங்கிறது கேன்சர்னு உறுதியானப்புறம் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாக்குற கணக்கு. பைராட்ஸ்ங்கிறது படத்தப் பாத்து டாக்டர் எவ்வளவு சந்தேகப்படறார்ங்கிற நம்பர், அமெரிக்க ரேடியாலஜி டாக்டருங்க சங்கம் போட்ட முறை, இப்போ இங்கயும் அதத்தான் எழுதறாங்க. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

0ன்னா இன்னும் படம் வேணும். 1ன்னா ஒண்ணுமில்ல. 2ன்னா ஏதோ இருக்கு, ஆனா கெடுதல் இல்லாதது. 3ன்னா அனேகமா கெடுதல் இல்ல, கேன்சரா இருக்க வாய்ப்பு நூத்துக்கு ரெண்டுக்கு மேல போகாது. 4ன்னா சதை எடுத்துப் பாத்துடலாம். 5ன்னா சந்தேகம் ரொம்ப பலமா இருக்கு, 95க்கு மேல. 6ன்னு வந்தா ஏற்கனவே பயாப்ஸில உறுதியானவங்களுக்குப் போடுறது. இந்த 4 இருக்கே, அதுதான் ரொம்ப அகலமான டப்பா, நூத்துக்கு 2ல இருந்து 95 வரைக்கும் எல்லாத்தையும் அதுலயே போட்டிருக்காங்க. அதனாலதான் உள்ள ஏ, பி, சின்னு பிரிப்பாங்க: 4ஏன்னா 2ல இருந்து 10, 4பின்னா 10ல இருந்து 50, 4சின்னா 50ல இருந்து 95. உங்க ரிப்போர்ட்ல வெறும் 4ன்னு மட்டும் இருந்தா ஏவா பியா சியான்னு கேளுங்க, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

எனக்கு 4பி. அந்த 10க்கும் 50க்கும் நடுவுல நான் எங்க இருக்கேன்னு ராத்திரி பூரா கணக்குப் போட்டேன். இப்ப யோசிச்சா சிரிப்பா வருது, சதவீதம்ங்கிறது நூறு பொம்பளைங்கள வரிசையா நிக்க வெச்சு எண்ணுறதுக்கு, அந்த வரிசைல நான் எத்தனாவது ஆளுன்னு அதுல எழுதியிருக்காது.

எனக்கு 3ன்னு போட்டு ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க. ஆறு மாசம் எப்படிங்க சும்மா இருக்கிறது?

சும்மா விட்டுட்டாங்கன்னு நினைக்காதீங்க. மாறுதான்னு பாக்குறதே ஒரு டெஸ்ட்தான். தேதிய காலண்டர்ல இப்பவே குறிச்சுடுங்க, பழைய படத்தையும் சிடியையும் பத்திரமா எடுத்து வெச்சு அடுத்த தடவை கையோட கொண்டு போங்க, ஒப்பிட்டுப் பாக்க அதுதான் வேணும். நடுவுல பெருசாகுற மாதிரி, தோல் உள்ள இழுக்கிற மாதிரி, காம்புல ரத்தம் வர்ற மாதிரி எதாவது தெரிஞ்சா ஆறு மாசம் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போங்க. மனசு கேக்கவே மாட்டேங்குதுன்னா டாக்டர்கிட்ட "எனக்கு இப்பவே ஊசி டெஸ்ட் எடுத்துடலாமா"ன்னு கேக்கலாம், தப்பில்ல.

ஊசி குத்தினா, கத்தி பட்டா பரவிடும்னு எங்க மாமியார் சொல்றாங்களே?

எங்க வீட்லயும் சொன்னாங்க. இந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு ஒரு அனுமானம் உண்டு. அந்தக் காலத்துல முத்துன அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கே போவாங்க, ஆபரேஷன் பண்ணி கொஞ்ச நாள்ல போய்ச் சேந்துடுவாங்க, பாத்தவங்களுக்கு கத்திதான் காரணம்னு தோணியிருக்கும். ஊசி பயாப்ஸி எடுத்துக்கிட்டதால கேன்சர் பரவி ஆயுசு குறையுதுன்னு காட்டுற ஆதாரம் எதுவும் இல்ல. அத எடுக்காம சிகிச்சையே ஆரம்பிக்க முடியாது, என்ன வகைன்னு தெரிஞ்சாத்தானே என்ன மருந்துன்னு சொல்லுவாங்க.

1954ல முத்துலட்சுமி ரெட்டி அம்மா அடையார்ல கேன்சர் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சப்போ மொத்தமே 12 படுக்கைதான். அந்தம்மாவோட தங்கச்சியே கேன்சர்ல போனவங்க, அந்த வேதனைலதான் ஆஸ்பத்திரியே வந்துச்சு. அந்தக் காலத்து பயத்த நாம இன்னும் தூக்கிச் சுமக்கிறோம், ஆனா மருத்துவம் அங்கயே நிக்கலையே. மாமியார்கிட்ட சண்டை போட வேண்டாம், "டாக்டர் சொல்லிட்டாருங்க அத்தை"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சுக்கோங்க.

பயாப்ஸி வலிக்குமா?

மரத்துப்போற ஊசி போடறப்போ சுருக்குன்னு இருக்கும், பல்லு புடுங்க போடறாங்களே அதே மருந்து வகைதான். அப்புறம் ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஒரு கன் மாதிரி கருவிய வெச்சு "டப்"னு அடிப்பாங்க. எனக்கு அந்த சத்தம்தான் தூக்கிப் போட்டுச்சு, வலி இல்ல. நம்ம கடைல டிச் பட்டன் அடிக்கிற மெஷின் இருக்கே, அச்சு அசல் அந்த சத்தம். முன்கூட்டியே ஒரு தடவை அடிச்சுக் காட்டச் சொல்லுங்க, நிறைய டாக்டருங்க காட்டுவாங்க. நாலஞ்சு தடவை எடுப்பாங்க, வர்றது சேமியா அளவுக்கு ஒரு இழை. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, ஆஸ்பிரின் மாதிரி, முன்னாடியே சொல்லிடணும், நீங்களா நிறுத்தாதீங்க. அன்னிக்கு முன்பக்கம் ஹூக் வெச்ச பிளவுஸ் இல்ல சட்டை மாதிரி எதாவது போட்டுட்டுப் போங்க, சுடிதார் டாப்ஸ் தலை வழியா கழட்டி மாட்டுறது அப்புறம் கஷ்டம் (இத டெய்லரா சொல்றேன்). பஸ்ல தனியா திரும்பாதீங்க. ஐஸ துணில சுத்தி வெச்சுக்கலாம், ஒரு நாள் ரெண்டு நாள் குடம் தூக்குறது, கிரைண்டர் கல்ல தூக்குறது வேணாம்.

பயாப்ஸிக்கு அப்புறம் கட்டி முன்னவிட பெருசா தெரியுதே? தொட்டுத் தொட்டுப் பாக்குறேன்.

தொடாதீங்கன்னு சொன்னா கேக்கவா போறீங்க, நானும் கேக்கல. பாத்திரம் தேய்க்கிறப்போ, பஸ்ல, கடைல டிரையல் ரூம் திரைக்குப் பின்னாடி போயி, ஒரு நாளைக்கு முப்பது தடவை. குத்துன இடத்துல ரத்தம் கட்டிக்கும், நீலம், அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள்னு நிறம் மாறும், உள்ள கெட்டியா உருண்டையா படும். அது கட்டி வளந்தது இல்ல, ரத்தக்கட்டு, ரெண்டு மூணு வாரத்துல தானா கரையும். நாம அமுக்க அமுக்க வலிக்கும், வலிச்ச உடனே "பாத்தியா வலிக்குது"ன்னு பயப்படுவோம், பயத்துல மறுபடி அமுக்குவோம். காலைல குளிக்கிறப்போ ஒரு தடவைன்னு நானே ஒரு கணக்கு வெச்சுக்கிட்டேன், பாதி நாள் காப்பாத்துனேன். ஜுரம் வந்தா, இடம் சூடா செவந்து போனா, கட்டுல ரத்தம் நிக்காம நனைஞ்சா மட்டும் உடனே போன் போடுங்க.

ஒரு துணுக்கு சதையப் பாக்க எதுக்குங்க இத்தனை நாள்? ரத்த டெஸ்ட் சாயந்தரமே வருதே?

இத எங்க அண்ணன் பொண்ணு சொன்னப்போதான் எனக்கே பாதி பாரம் இறங்குச்சு. சதைய எடுத்த உடனே பார்மலின் தண்ணில போடுவாங்க, கெட்டுப் போகாம இருக்க. அதுல குறைஞ்சது ஆறு மணி நேரமாவது ஊறணும், மூணு நாளைக்கு மேலயும் போகக்கூடாது, அவசரப்பட்டு முன்னாடியே எடுத்தா பின்னாடி பண்ற டெஸ்ட் தப்பாப் போகும். அப்புறம் சின்ன பிளாஸ்டிக் டப்பால போட்டு மெஷின்ல ராத்திரி பூரா ஓட விடுவாங்க, சதைல இருக்கிற தண்ணி பூரா போயி அந்த இடத்துல மெழுகு ஏறும். காலைல அத ஒரு மெழுகுக் கட்டியா வார்த்து, ஆற வெச்சு, சீவுவாங்க. சீவறதுன்னா எவ்வளவு மெல்லிசு தெரியுமா, 4 மைக்ரான், நம்ம தலைமுடிய பதினஞ்சு இருபதா பிளந்தா ஒரு பங்கு. அது ரிப்பன் மாதிரி சுருண்டு வரும், வெதுவெதுன்னு இருக்கிற தண்ணில மிதக்க விட்டு கண்ணாடி ஸ்லைடு மேல ஏத்துவாளாம். சுருக்கம் விழுந்தா மறுபடி. சாயம் போட்டா ரோஸ் கலரும் ஊதாவும் ஆகும், அதுக்கப்புறம்தான் டாக்டர் மைக்ரோஸ்கோப்ல பாக்கவே ஆரம்பிப்பார்.

"அத்தை, நீ பட்டுத் துணிய வெட்டறப்போ யாராவது சீக்கிரம் சீக்கிரம்னா வெட்டுவியா"ன்னு கேட்டா. அப்புறம் நான் லேபுக்கு போன் போட்டு நச்சரிக்கிறத நிறுத்திட்டேன்.

மூணு நாள்னு சொன்னாங்க, ஒரு வாரம் ஆச்சு. லேட்டானா கெட்ட செய்திதானே?

லேட்டுங்கிறத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நடுவுல ஞாயித்துக்கிழமை வந்திருக்கும், வெளியூர் லேபுக்கு அனுப்பியிருப்பாங்க, டாக்டர் இன்னும் நாலு ஸ்லைடு வெட்டிக் கேட்டிருப்பார், இன்னொரு டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணியிருப்பாங்க. சில சமயம் ஐஎச்சின்னு சொல்ற ஸ்பெஷல் சாயம் போட வேண்டி வரும், அது கூட சில நாள் புடிக்கும். கேன்சர்னு தெரிஞ்சப்புறம் அந்தக் கட்டி எந்த ஹார்மோன ஏத்துக்கும்னு பாக்கவும் அந்த சாயம்தான் போடுவாங்க, கேன்சரே இல்லன்னு உறுதி பண்ணவும் அதே சாயம் போடுறது உண்டு. எனக்கு போட்டது ரெண்டாவது வகை, அது எனக்கு அப்புறம்தான் தெரியும், அந்த நாலு நாள் நான் உயில் எழுதாத குறை.

இந்த ஒரு வாரம் ரெண்டு வாரத்துல வியாதி முத்திடுமோங்கிற பயமும் கேக்கறாங்க. மார்புக் கட்டிங்க ராத்திரியோட ராத்திரியா வர்றதில்ல, உள்ள மாசக்கணக்குல, வருஷக்கணக்குல இருந்துதான் தெரிய வருது. சரியா டெஸ்ட் பண்ண எடுத்துக்கிற பத்து நாளால நிலமை மாறிடாது. மாறிடறது எப்போன்னா, பயந்துக்கிட்டு ரிப்போர்ட்டே வாங்காம ஆறு மாசம் ஒளிஞ்சுக்கிறப்போதான்.

ஸ்கேன் எடுத்த பொண்ணு முகத்தையே திருப்பிக்கிச்சு, பேசவே இல்ல. ஏதோ தெரிஞ்சுதானே?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பொண்ணு காலைல இருந்து சாப்பிடாம இருந்திருக்கும். டெக்னீசியன் ரிசல்ட் சொல்லக்கூடாதுன்னு இருக்கு, அதனால வாயத் திறக்காம இருக்காங்க, அந்த அமைதிய நாம மொழிபெயர்த்துக்கிறோம். எனக்கு ஸ்கேன் எடுத்தவங்க "தனியாவா வந்தீங்க?"ன்னு கேட்டாங்க, அந்த ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டு நான் மூணு நாள் தூங்கல. அவங்க கேட்டது ஆட்டோ கிடைக்குமான்னு சொல்றதுக்காம்.

எனக்கு கேன்சர்னா கேன்சர்னு சொல்லிட்டாக்கூட தேவலாம்னு தோணுது. இப்படித் தோணுறது தப்பா?

தப்பே இல்ல, மனுஷ மூளையே அப்படித்தான்னு ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்காங்க. லண்டன்ல 2016ல வெளியான ஒரு ஆராய்ச்சி: 45 பேர கம்ப்யூட்டர் கேம் ஆட விட்டாங்க, கல்லுக்குக் கீழ பாம்பு இருக்கா இல்லையான்னு சொல்லணும், பாம்பு இருந்தா கைல கரண்ட் ஷாக். கண்டிப்பா ஷாக் அடிக்கும்னு தெரிஞ்சப்போ இருந்த டென்ஷனவிட, அடிக்குமா அடிக்காதா பாதிக்குப் பாதின்னு இருந்தப்போதான் ஜனங்களுக்கு ஜாஸ்தி வேர்த்திருக்கு. கல்லத் தூக்குற வரைக்கும்தான் கஷ்டம். நம்ம நிலமையும் அதேதான், கல்லத் தூக்குற கை நம்மளுது இல்லைங்கிறது வேற.

எங்க நாத்தனார் இதுக்கு சாட்சி. அவங்களுக்கு நிஜமாவே கேன்சர்னு வந்துச்சு, எனக்கு ஒரு வருஷம் முன்னாடி. "ரிப்போர்ட் வந்த அன்னிக்கு அழுதேன், ஆனா அன்னிக்கு ராத்திரிதான் ரெண்டு வாரத்துல முதல் தடவையா தூங்குனேன்"னாங்க. கீமோ, ஆபரேஷன், கரண்ட் (ரேடியேஷன்) எல்லாம் முடிஞ்சு இப்போ பழையபடி பால் சொசைட்டி வேலைக்குப் போறாங்க.

எல்லாரும் "பாசிட்டிவா நினை, ஒண்ணும் இருக்காது"ங்கறாங்க. எரிச்சலா வருது.

எனக்கும் வந்துச்சு. ஒண்ணும் இருக்காதுன்னு சொல்றவங்களுக்கு எப்படித் தெரியும், அவங்க என்ன உள்ள போயா பாத்தாங்க? சொல்றவங்க நம்ம மேல பாசத்துலதான் சொல்றாங்க, அவங்களுக்கும் பயம், அதனால பேச்ச சீக்கிரம் முடிக்கப் பாக்குறாங்க.

கலிபோர்னியாவுல வக்கீல் பரிட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்கு நாலு மாசம் காத்திருந்தவங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. நல்லதையே நினைச்சுக்கறது, கெட்டதுக்கு இப்பவே தயாராகுறது, நினைப்ப ஒதுக்கித் தள்றதுன்னு அவங்க பண்ண வேலை எதுவும் கவலைய பெருசா குறைக்கலையாம். காத்திருக்கிறவங்களுக்கு எது உதவுதுன்னா, நேரம் போறதே தெரியாம மூழ்கிப் போற மாதிரி ஒரு வேலை. இதப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே இல்ல. டிவி பாத்தா என் கண்ணு மட்டும்தான் அங்க இருந்துச்சு. மாவு ஆட்டறப்போ மனசு அதுபாட்டுக்கு ஓடுச்சு. ஆனா ஹூக்குக்கு காஜா எடுக்கறப்போ, நூல அடுத்தடுத்து முடிச்சு விழாம சுத்தி இழுக்கணுமே, அந்த ஒரு பிளவுஸுக்கு ஆறு காஜா எடுக்கற நேரம் எனக்கு மார்பே ஞாபகம் வரல. உங்களுக்கு அது கோலமா இருக்கலாம், கணக்கு டியூஷனா இருக்கலாம், பூ கட்டறதா இருக்கலாம். ரொம்ப சுலபமாவும் இருக்கக்கூடாது, ரொம்ப கஷ்டமாவும் இருக்கக்கூடாது.

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துட்டா?

எந்திரிச்சு உக்காருங்க, படுத்துக்கிட்டே போராடாதீங்க. நான் அளவு நோட்டோட கடைசிப் பக்கத்துல மனசுல ஓடறத எல்லாம் எழுதுனேன், "சின்னவளுக்கு பீஸ் கட்டணும், கேன்சர்னா கடைய யாரு பாப்பா, முடி கொட்டுமா, தீபாவளி ஆர்டர்"னு ஒழுங்கே இல்லாம. காலைல பாத்தா பாதிக்கு டாக்டர்தான் பதில் சொல்லணும், பாதிக்கு நானே பண்ணலாம். போன மட்டும் எடுக்காதீங்க. ரெண்டு மணிக்கு தேடுனா முத்துன கேஸா மட்டும்தான் வரும், ரிப்போர்ட் நல்லபடியா வந்தவங்க வீடியோ போட மாட்டாங்க.

மூச்சு முட்டுற மாதிரி, நெஞ்சு படபடன்னு நிக்காம இருந்தா, இல்ல உயிர விட்டுடலாம்னு நினைப்பு வந்தா 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ், மத்திய அரசோடது, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. கேன்சர் இருந்தாத்தான் கூப்பிடணும்னு இல்ல.

வீட்ல யார்கிட்ட சொல்றது?

ஊர் பூரா சொல்ல வேண்டாம், யாருக்குமே சொல்லாமயும் இருக்க வேண்டாம். ரெண்டு பேரப் புடிங்க. ஒருத்தர் கூட வர, ஒருத்தர் கூட பேச. ரெண்டும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல, எங்க வீட்டுக்காரர் கூட வர்றதுல கெட்டி, பேச்சுன்னா ஓடிடுவார், அதனால பேச எதிர் வீட்டு டீச்சரம்மாவ வெச்சுக்கிட்டேன். கல்யாண வயசுல பொண்ணு இருந்தா "வெளிய தெரிஞ்சா வரன் தட்டும்"னு வாயடைக்கிறாங்க, அந்த பயம் நிஜம், ஒத்துக்கறேன், ஆனா அதுக்காக ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்துறது அக்கிரமம். பசங்க பெருசா இருந்தா ரெண்டு வரில சொல்லிடுங்க: "ஒரு டெஸ்ட் எடுத்திருக்கு, பதில் வந்தா சொல்றேன்." அதுங்களுக்கு ஏற்கனவே ஏதோ தெரிஞ்சிருக்கும்.

எனக்கு சொல்லாம வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் ரிசல்ட் சொல்லிடுவாங்களோ?

நடக்குதுங்க. நாத்தனார் விஷயத்துல அதான் நடந்துச்சு, நாலு நாள் அண்ணனுக்கும் மாமனாருக்கும் மட்டும் தெரியும், நாத்தனார் சமையக்கட்டுல நின்னு வழக்கம்போல சோறு போட்டுட்டு இருந்தாங்க. எல்லாரும் தன்னையே பாக்குறத வெச்சு கண்டுபுடிச்சாங்களாம். அந்த நாலு நாள இன்னிக்கும் மன்னிக்கல. பாசத்துலதான் மறைக்கிறாங்க, ஆனா உடம்பு அவங்களது இல்லையே. அதனால பயாப்ஸி அன்னிக்கே டாக்டர்கிட்ட வீட்டுக்காரர் முன்னாடியே சொல்லிடுங்க: "ரிசல்ட் எதுவா இருந்தாலும் நான் இருக்கறப்போ சொல்லுங்க." போன் நம்பர் கேட்டா உங்க நம்பரக் குடுங்க.

ரிப்போர்ட் போன்ல வந்துட்டா திறந்து பாக்கலாமா?

எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு வாட்ஸ்அப்ல பிடிஎஃப்பா வந்து விழுந்துச்சு, டாக்டரப் பாக்க திங்கக்கிழமைதான். ஒரு வார்த்தை முன்கூட்டி சொல்லல. அந்த ஆஸ்பத்திரி மேல எனக்கு இன்னும் கோவம்தான். திறந்தேன், ரெண்டு பக்கம், அதுல எனக்குப் புரிஞ்சது என் பேரும் வயசும் மட்டும்தான். "ஸ்க்ளீரோசிங் அடினோசிஸ்"னு இருந்துச்சு, "சிஸ்"னு முடிஞ்சதால ஏதோ பெரிய வியாதின்னு நினைச்சு உக்காந்துட்டேன். அண்ணன் பொண்ணு போன்ல சொல்லித்தான் அது கெடுதல் இல்லாததுன்னு தெரிஞ்சுது.

அதனால எப்படி வரும், எப்போ வரும்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. திறக்கறதா இருந்தா தனியா திறக்காதீங்க, புரிய வைக்க ஒரு ஆள் போன்லயாவது இருக்கணும். திறக்காம டாக்டர்கிட்டயே போறேன்னு முடிவு பண்ணாலும் சரி, அது கோழைத்தனம் இல்ல.

டாக்டரப் பாக்கறப்போ என்ன கேக்கணும்?

காது அடைச்சுக்கும், அதனால எழுதி எடுத்துட்டுப் போங்க, கூட வர்றவர எழுதிக்கச் சொல்லுங்க. ரிப்போர்ட்ல பேரு, இடதா வலதாங்கறது சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க. ரொம்ப முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு, நிறைய பேர் கேக்கறதில்ல: "படத்துல பாத்ததும் சதைல வந்ததும் ஒத்துப் போகுதா?" படம் பயங்கர சந்தேகமா இருந்து சதைல ஒண்ணுமில்லன்னு வந்தா, ஊசி சரியான இடத்துல படலையோன்னு மறுபடி எடுக்கச் சொல்லுவாங்க. ரெண்டாவது தடவை எடுக்கச் சொன்னா லேப் சொதப்பிடுச்சுன்னு நினைக்காதீங்க, டாக்டர் கவனமா இருக்கார்னு அர்த்தம். கேன்சர்னு வந்தா ஹார்மோன், ஹெர்2 (கட்டில இருக்கான்னு பாக்குற ஒரு புரதம்) டெஸ்ட் ரிசல்ட் எப்போ வரும்னு கேளுங்க, அதுக்கு இன்னொரு சின்ன காத்திருப்பு இருக்கு. வேற டாக்டர்கிட்ட காட்டணும்னா லேப்ல ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு இப்பவே பாத்துடுங்க, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, அட்டை இல்லன்னா விஏஓகிட்ட வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டுன்னு அலையணும்.

ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நாட்டு மருந்து பத்து போடலாமா?

வேண்டாம். தோல் புண்ணாப் போனா டாக்டருக்கும் குழப்பம். வேண்டுதல் வெச்சுக்கோங்க, விளக்குப் போடுங்க, நானும் ஆடுதுறை பக்கத்துல சூரியனார் கோயில் வரைக்கும் போனேன். மார்பு மேல மட்டும் எதையும் பூசாதீங்க.

ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு. ஆனா பயம் போகலயே?

உடனே போகாதுங்க. நல்ல சேதி வந்த அன்னிக்கு எல்லாரும் ஸ்வீட் வாங்கிட்டு வந்தாங்க, நான் பாத்ரூம்ல போயி அழுதேன், ஏன்னே தெரியல. நாத்தனாருக்கு அப்படி வந்து எனக்கு இப்படி வந்ததுல ஒரு குத்த உணர்ச்சி வேற. ரெண்டு மூணு மாசம் ஆச்சு கை அந்தப் பக்கம் போறது குறைய. வருஷத்துக்கு ஒரு தடவை மேமோகிராம் எடுக்கச் சொல்லியிருக்காங்க, ஒவ்வொரு தடவையும் அந்த வாரம் கொஞ்சம் ஆட்டம் காட்டுது.

அந்த 11 நாள்ல தச்சதுல ஒரு பிளவுஸுக்கு இடது கைய வலது பக்கத்துல வெச்சு தச்சிருக்கேன், எம்ப்ராய்டரி பார்டர் பின்னாடி போயிடுச்சு. அந்தம்மா அதப் போட்டுக்கிட்டு அவங்க தம்பி கல்யாணத்துக்கே போயிட்டு வந்து, ரெண்டு மாசம் கழிச்சுத்தான் என்கிட்ட சொன்னாங்க.